என்டர் தட்டுறதுக்குள்ள உயிர் போயிடுது மேடம்

வணக்கம் மேடம், பேர் வேண்டாம், சென்னைல டேட்டாபேஸ் அட்மினா வேலை பாக்குறேன். சனிக்கிழமை ராத்திரி, கஸ்டமருங்க நிஜமா பயன்படுத்துற சிஸ்டம், அதாவது ப்ரொடக்‌ஷன்ல ஏதாவது சேஞ்ச் இருந்தா வெள்ளிக்கிழமையே வயித்த கலக்க ஆரம்பிச்சிடும். டேட்டாவ அழிக்கிற டெலீட் க்வெரி அடிச்சிட்டு, எந்த வரிகள மட்டும் அழிக்கணும்னு சொல்ற ‘வேர்’ (where) கண்டிஷன் இருக்கான்னு பாப்பேன், எந்த சர்வர்னு பாப்பேன், மறுபடி வேர பாப்பேன், விரல் என்டர் மேலயே நிக்கும். இதுவரைக்கும் ஒண்ணும் தப்பா போனதில்ல, அதான் கொடுமையே. வீட்டுக்கு வந்து படுத்தா டெஸ்ட் சர்வர்னு நினைச்சு ப்ரொடக்‌ஷன்ல ஓட்டிட்டோமோன்னு தோணும், எந்திரிச்சு லேப்டாப்ப தொறந்து எத்தன வரி டேட்டா இருக்குன்னு ரோ கவுண்ட் பாப்பேன், 2 மணிக்கு மறுபடியும் பாப்பேன், வொய்ஃப எழுப்பி எல்லாம் சரியாதான இருக்கும்னு கேப்பேன். இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையோ?

பதில்:

வணக்கம் தம்பி. என்டருக்கு முன்னாடி வர்ற பயம் வேற, பின்னாடி வர்றது வேற, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க.

முன்னாடி வர்றது நியாயமான பயம். 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லாப்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டா டைரக்டரிய அழிச்சிட்டாரு, சுதாரிச்சு நிறுத்துறதுக்குள்ள ஏறக்குறைய 300 ஜிபி காலி, பேக்கப்னு வச்சிருந்த அஞ்சு வழியும் கைவிட்டுச்சு, யதேச்சையா 6 மணி நேரம் முன்னாடி எடுத்து வச்ச ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு. ஆனா அவங்க ஆள குத்தம் சொல்லல, ஏற்பாட்டுல எங்க ஓட்டைன்னு தேடி அத அப்படியே வெளிப்படையா எழுதினாங்க. அதனால கை நடுங்கினா உடனே உங்கள நீங்களே திட்டிக்காம, பேக்கப்ப கடைசியா எப்ப ரீஸ்டோர் பண்ணி பாத்தோம், ராத்திரி பக்கத்துல இன்னொருத்தர் ஏன் இல்லன்னு மேனேஜர்கிட்ட கேளுங்க. ஆள் கிடைச்சா சர்வர் பேரையும் க்வெரியையும் அவர்கிட்ட வாய்விட்டு படிச்சு காட்டிட்டு தட்டுங்க, ரயில்ல லோகோ பைலட்டும் அசிஸ்டென்ட்டும் சிக்னல சத்தமா சொல்லிக்கிறது இதுக்குத்தான். (மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ்ல ‘வேர்’ இல்லாத டெலீட்ட ஓடவே விடாத ஆப்ஷனுக்கு ‘ஐ ஆம் எ டம்மி’ன்னே ஒரு பேர் இருக்காமே, எங்க அக்கா பையன் சொன்னான், சிரிச்சிட்டேன். பயம் உங்களுக்கு மட்டும் இல்ல.)

படுத்ததுக்கு அப்புறம் வர்றதுதான் என் கவலை. ஒரே விஷயத்த திரும்பத் திரும்ப செக் பண்ண வச்சு பாத்த ஆய்வுகள்ல ஞாபகம் பெருசா குறையல, அந்த ஞாபகத்து மேல இருந்த நம்பிக்கைதான் குறைஞ்சுது. 2 மணிக்கு லேப்டாப்ப தொறக்குறப்ப மனசு அப்போதைக்கு அடங்கும், அடுத்த சனிக்கிழமை இன்னும் சத்தமா கேக்கும். வொய்ஃப்கிட்ட கேக்குறீங்களே, அதுவும் செக்கிங்தான், பாவம் அவங்களுக்கு ரோ கவுண்ட் என்ன தெரியும். ஆபீஸ்லயே ஒரே ஒரு தடவ சரிபாத்து அந்த வேலைய பதிஞ்சு வச்சிருக்கிற டிக்கெட்ல எண்ணிக்கைய எழுதி மூடிடுங்க, ராத்திரி லேப்டாப்ப தொடாதீங்க. மொதல்ல பதட்டம் ஏறத்தான் செய்யும், தொறக்காம இருந்தா தானா இறங்கும், ஒரே ராத்திரில பழகாது.

கேஸ், கதவு பூட்டுன்னு வீட்டுலயும் இந்த செக்கிங் பரவினாலோ, தூக்கமே இல்லாம வாரக்கணக்கா போனாலோ மனநல மருத்துவர நேர்ல பாருங்க, அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 க்கு எந்நேரமும் இலவசமா பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க.