அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் வைத்தியங்களில் எதை நம்புவது?

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எதையும் நம்பாதீர்கள், மற்றதை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். இந்த நோய்க்கு முக்கியமாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையைத் திடீரென்று விட்டால் சிலருக்கு உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். என் அப்பாவுக்கும் இதே நோய்தான், சொந்தக்காரர்கள் அனுப்பாத வீடியோ இல்லை. அதில் அதிகம் வருவது, ஒருவர் எழுந்திருக்கவே திணறுவார், அடுத்த காட்சியில் விறுவிறுவென்று நடப்பார், கீழே ஒரு போன் நம்பர் ஓடும். இந்த இரண்டு காட்சியையும் ஒரே நாள் காலையில் எடுத்துவிடலாம். மாத்திரைக்கு முன்னால் அப்பாவால் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது, மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் கொல்லைக்குப் போய் வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருவார். ஆகவே அந்த வீடியோவில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்றுகூட நான் சொல்லமாட்டேன், ஆனால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பூனைக்காலி விதைப் பொடி விஷயம் இன்னும் சிக்கல், ஏனென்றால் அதில் பாதி உண்மை. அந்த விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது, சாப்பிட்டவருக்கு நடுக்கம் குறைந்தது என்றால் குறைந்திருக்கலாம். 'கெமிக்கலே இல்லை' என்று விற்கிறார்கள் பாருங்கள், அதுதான் தப்பு. மாத்திரையில் இருக்கும் அதே பொருள்தான், எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் பொடிக்குப் பொடி மாறும். மாத்திரையோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு கூடிப்போய் வாந்தி, தலைசுற்றல், கை கால் தன்னால் நெளிவது எல்லாம் வரலாம்.

'பக்கத்து ஊர்க்காரருக்கு முழுசா குணமாயிடுச்சு' என்று யாராவது சொன்னால், அவருக்கு இருந்தது பார்க்கின்சன்தானா என்று கேளுங்கள். தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் போடும் சின்னாரிசின், ஃப்ளூனாரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோப்ரமைடு, சில மனநல மருந்துகள் எல்லாம் இதே மாதிரி நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரும். அந்த மருந்தை டாக்டர் நிறுத்தினால் பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகிவிடும், அந்த நேரத்தில் குடித்த கஷாயத்துக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். உண்மையான பார்க்கின்சனில் மூளையில், உடம்பு அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்களே அழிந்துகொண்டு வருகின்றன, அதை 30 நாளில் சரிசெய்யும் சூரணம் எதுவும் கிடையாது.

சரியான தகவலையும் அரைகுறையாகப் படித்தால் கெடுதல்தான். புரதம் மாத்திரையை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கலாம் என்பது உண்மை. அதற்காகப் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி ஆளை மெலியவைத்துவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரையைக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். வயலில் பூச்சிமருந்து, களைக்கொல்லி அடித்ததால் வந்தது என்பார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் உங்கள் அப்பாவுக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அவரை அதைச் சொல்லி நோகடிக்காதீர்கள்.

தினமும் நடப்பது, உடற்பயிற்சி, சத்தமாகப் படித்துப் பேச்சுப் பயிற்சி செய்வது, இதையெல்லாம் சொல்லும் வீடியோக்களைத் தாராளமாகப் பாருங்கள், நல்ல பலன் உண்டு.

ஒரு வாரம் மாத்திரை போட்ட நேரம், நன்றாக இருந்த நேரம், கால் நகராமல் உறைந்து நின்ற நேரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ வேறு எங்கோ, நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும், பொடி டப்பா இருந்தால் அதையும் மறைக்காமல் எடுத்துப் போங்கள்.