எம்கேட் 504, வீட்டில் டி.ஓ. வேண்டாம் என்கிறார்கள்: என்ன செய்யலாம்?

தம்பி, அமெரிக்க மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 504 வாங்கிவிட்டு, டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா, இல்லை இன்னொரு வருஷம் உட்கார்ந்து அங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி.க்கே முயலலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா "அது எலும்பு நீவுற படிப்பு" என்கிறாராம். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்றால் மருத்துவர் இல்லை, அதனால் அவருக்கு வந்த குழப்பம் புரிகிறது. ஆனால் நீங்கள் இருக்கும் அமெரிக்காவில் டி.ஓ. முழு மருத்துவர்தான், 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 2020இலிருந்து ரெசிடென்சியும் (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் பயிற்சி) எம்.டி., டி.ஓ. இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான்.

குடும்ப மருத்துவம், உள்மருத்துவம் என்றால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். தோல் மருத்துவம், நரம்பு அறுவை சிகிச்சை மாதிரி எதிலாவது கண் இருந்தால் டி.ஓ. வழி கொஞ்சம் மேடுதான். டி.ஓ.க்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸ் கட்டாயம், அதோடு பலர் எம்.டி.க்காரர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுதுகிறார்கள், அதாவது ஒரே பாடத்துக்கு இரண்டு தேர்வு, இரண்டு கட்டணம். டி.ஓ. படிப்பில் கூடுதலாக வரும், தசை, மூட்டுகளைக் கையால் அழுத்தி நீவிச் செய்யும் சிகிச்சைக்குச் சுமார் 200 மணி நேரம் தனியாகப் போகும். முதுகுவலிக்கு அது ஓரளவு உதவலாம், மண்டையோட்டை மெல்லத் தொட்டுக் குணமாக்குவதாகச் சொல்லும் பகுதியில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனாலும் தேர்வுக்குப் படித்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம், நேர்காணலில் மூன்றாம் வருஷப் பயிற்சி எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். சில கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது, பயிற்சிக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். விண்ணப்பத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள், விண்ணப்பம் வர வர அழைத்து இடத்தை நிரப்பிக்கொண்டே போகிறார்கள்.