சுமந்து போங்கள், ஏந்திப் போகாதீர்கள்: ஓப்பன் கேரி ஊர்வலம், கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி டெக்சஸிலிருந்து. மீதியில் பல, ஊர்ப் பெயரே இல்லாதவை. முதலில் அப்படி ஒன்று.

கேள்வி: நாங்கள் 40 பேர் துப்பாக்கி உரிமைக்காக ஊர்வலம் போகப்போகிறோம். என்னென்ன அனுமதி வேண்டும்?

எந்த மாநிலம், எந்த ஊர்? அது தெரியாமல் ஒரு வரிகூடச் சொல்ல முடியாது. இலினாயில் ஓப்பன் கேரியே, அதாவது துப்பாக்கியை வெளியே தெரியும்படி சுமந்து போவதே, கிடையாது. வட கரோலினாவில் சாதாரண நாளில் இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கலாம்; ஊர்வலத்திலோ ஆர்ப்பாட்டத்திலோ கூடாது, வேடிக்கை பார்க்க நிற்பவருக்கும் கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் அனுமதி பெற்ற ஆர்ப்பாட்டத்திலிருந்து 250 அடி தள்ளி நிற்க வேண்டும். ஊர்ப் பெயரோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமே, பிறகு எதற்கு லைசென்ஸ் எடுக்கச் சொல்கிறீர்கள்?

2021 செப்டம்பர் முதல் தேவையில்லை, உண்மைதான். ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) இருந்தால் போதும். ஆனால் பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்தியச் சட்டம். அந்த மாநிலத்தின் லைசென்ஸ் கையில் இருந்தால்தான் விலக்கு. ஊர் நடுவே மூன்று மைல் நடந்தால் வழியில் ஒரு பள்ளியாவது வரும், தனியார் பள்ளியும் கணக்கில் சேரும். பாதையை வரைபடத்தில் போட்டு, பள்ளிகளைக் குறித்துவிட்டு, அப்புறம் அறிவிப்பு கொடுங்கள்.

கேள்வி: நான் எச்1பி விசாவில் டாலஸில் இருக்கிறேன். நண்பரின் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாமா?

கூடாது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியக் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றை நம்பி ஊர்வலத்துக்கு வராதீர்கள். படம் எடுக்க இரண்டு நிமிடம் வாங்கிப் பிடிப்பதும் வேண்டாம். கிரீன் கார்டு வந்தபின் பார்க்கலாம். இப்போது பதாகையோடு வாருங்கள்.

கேள்வி: எதிர்ப்பாளர்கள் வருவார்கள், கூடுதல் போலீஸ் செலவை நீங்களே கட்டுங்கள் என்கிறது நகராட்சி.

கட்ட வேண்டாம். நீங்கள் சொல்லும் கருத்தை யார் எதிர்ப்பார்கள் என்று பார்த்துக் கட்டணம் ஏற்றக் கூடாது என்று 1992இல் ஃபோர்சைத் கவுன்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கின் பெயரைப் போட்டு நகராட்சி வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதுங்கள். எல்லாருக்கும் பொதுவான சிறு கட்டணம் என்றால் அதைக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: எல்லாரும் ஒரே மாதிரி ராணுவப் பச்சை உடுத்தி, ரைஃபிளோடு அணிவகுத்து வந்தால் கம்பீரமாக இருக்குமே?

வேண்டவே வேண்டாம். தனியார் ஆயுதப் படைபோல் அணிவகுப்பதை மாநிலம் தடுக்கலாம் என்று 1886லேயே பிரெஸ்ஸர் வழக்கில் தீர்ப்பு வந்தாயிற்று. டெக்சஸ் சட்டத்திலேயே அப்படி ஒரு தடை இருக்கிறது. நீங்கள் குடிமக்களாக வருகிறீர்கள். வேலைக்குப் போகும் சட்டையில் வாருங்கள், தாத்தா பாட்டியோடு வாருங்கள், கால் போன போக்கில் நடங்கள்.

கேள்வி: ஏஆர் ரைஃபிளை நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்து நடந்தால் படம் நன்றாக வரும். சட்டப்படி தவறில்லையே?

மாதம் மூன்று கடிதமாவது இப்படி வருகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘துப்பாக்கி ஏந்திய’ என்றே எழுதிப் பழகிவிட்டன. ஏந்துவது வேறு, சுமப்பது வேறு. இடுப்பிலோ முதுகிலோ தொங்கும் துப்பாக்கி, ‘இது என் உரிமை’ என்று சொல்கிறது. கையில் பிடித்த துப்பாக்கியைப் பார்க்கிறவருக்கு, ‘இவன் இப்போது சுடுவானா?’ என்ற ஒரே கேள்விதான் வரும். டெக்சஸில் ஓப்பன் கேரி செய்யலாம். பிறரை மிரள வைக்கும் விதத்தில் காட்டினால் அது ஒழுங்கீனக் குற்றம். இரண்டுக்கும் நடுவே இருப்பது உங்கள் கை மட்டுமே. ஸ்லிங்கை (தோள்வாரை) முதுகுப் பக்கம் போடுங்கள், குழல் தரையைப் பார்க்கட்டும், சேம்பர் (குண்டு ஏறும் அறை) காலியாக இருக்கட்டும், அது காலி என்று காட்டும் கொடியைச் செருகுங்கள். வண்டியிலிருந்து இறங்கியது முதல் திரும்ப ஏறும்வரை கை அதில் படக் கூடாது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 2013, 14இல் சிலர் ரைஃபிளோடு காபிக் கடைக்கும் உணவகத்துக்கும் போய்ப் படம் எடுத்துப் போட்டார்கள். அதுவரை ஒதுங்கியிருந்த ஸ்டார்பக்ஸ், துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று 2013 செப்டம்பரில் கேட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு சிபோட்லே உணவகமும் அதையே சொன்னது. நம் பக்கம் பேச வேண்டிய துப்பாக்கி உரிமைச் சங்கமான என்ஆர்ஏவே இது விசித்திரமான செயல் என்று எழுதி, பிறகு பின்வாங்கியது. யாரும் கதவைச் சாத்தாத இடத்தில் நாமே சாத்த வைத்தோம்.

இன்னும் பின்னால் போங்கள். 1967 மே 2, சாக்ரமென்டோ. கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் சுமார் 30 பேர் கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்கு வந்தார்கள், பலர் கையில் துப்பாக்கியோடு. ஓக்லாந்தில் அவர்கள் போலீஸைக் கண்காணித்துச் சுற்றியதைத் தடுக்கத்தான் மல்ஃபோர்ட் மசோதா ஏற்கெனவே வந்திருந்தது. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அன்றைய படங்களைப் பார்த்த சட்டமன்றம் இன்னும் வேகம் காட்டியது. மூன்றே மாதத்துக்குள் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார், பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கிக்குத் தடை வந்தது. படம் நன்றாக வந்ததுதான் அங்கே பிரச்சினை.

கேள்வி: வர்ஜீனியாவில் 2020இல் நடந்த துப்பாக்கி உரிமைப் பேரணிபோல் இப்போது நடத்த முடியுமா?

ரிச்மண்ட், 2020 ஜனவரி 20. சுமார் 22,000 பேர். சட்டமன்ற வளாக வேலிக்கு உள்ளே 6,000 பேர் ஆயுதமில்லாமல், மற்றவர்கள் வெளியே, பலர் ஆயுதத்தோடு. கைதானவர் ஒரே ஒருவர், அதுவும் முகமூடி போட்டதற்காக. முடிந்ததும் கூட்டமே குப்பை பொறுக்கியது. நான் எல்லாருக்கும் காட்டும் பாடம் அது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம், அனுமதி வேண்டிய நிகழ்ச்சிகளிலும் ஒட்டிய தெருக்களிலும் துப்பாக்கியைத் தடை செய்ய உள்ளூர் நிர்வாகங்களுக்கு அதிகாரம் தந்தது. ரிச்மண்டும் அப்படித் தடை போட்டது. அனுமதி வாங்காமல் போனாலும் அந்தத் தடை பொருந்தும். ஊர் விதியை முதலில் படியுங்கள்.

கேள்வி: வர்ஜீனியாவிலிருந்து மெமோரியல் பாலம் வழியாக நாட்டின் தலைநகர் வாஷிங்டனுக்குள் ரைஃபிளோடு நடக்கலாமா?

பாலத்தின் முனையிலேயே கைது செய்வார்கள். 2013 ஜூலை 4க்கு ஆடம் கோகெஷ் என்ற ஆர்வலர் இதே திட்டத்தை அறிவித்து, கடைசியில் கைவிட்டார். 2010 ஏப்ரல் 19இல் ஒரு சிறு கூட்டம் ஆற்றின் வர்ஜீனியா கரையிலேயே, கிரேவலி பாயின்ட்டில், ஆயுதத்தோடு கூடிக் கலைந்தது. தலைநகர் எதிரே தெரியும், அது போதும்.

கேள்வி: தொண்டர்கள் துப்பாக்கி வைத்திருந்தால்தானே பாதுகாப்பு?

இல்லை. வழிகாட்டும் தொண்டர்கள் வெறுங்கையோடுதான் இருக்க வேண்டும். 25 பேருக்கு ஒருவர், பளிச்சென்ற மேலங்கி, ஒரு வாக்கி-டாக்கி. 2025 ஜூனில் சால்ட் லேக் சிட்டி ஆர்ப்பாட்டத்தில், ரைஃபிளோடு வந்த ஒருவரைக் கண்டு ஆயுதம் வைத்திருந்த தொண்டர் சுட்டார். குண்டு பட்டுச் செத்தவர் சம்பந்தமே இல்லாத வேறொருவர். 2016 ஜூலையில் டாலஸில் ஐந்து போலீஸார் கொல்லப்பட்ட இரவில், ரைஃபிளோடு ஊர்வலத்தில் நடந்த ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸ் வெளியிட்டது. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை, ரைஃபிளைப் போலீஸிடமே கொடுத்திருந்தார். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் தரையில் படுங்கள். கை துப்பாக்கியில் படக் கூடாது.

கேள்வி: முடிந்ததும் ஆளுக்கு ஒரு பீர்?

துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டு.

கேள்வி: என் பத்து வயது மகனும் வருகிறான். பொம்மைத் துப்பாக்கி மாட்டிவிடலாமா?

மாட்டிவிடாதீர்கள், ஐயா. 2014இல் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுப் பையனைப் போலீஸ் கார் வந்து நின்ற சில நொடிகளில் சுட்டுவிட்டார்கள். பையன் கையில் ஒரு கொடியைக் கொடுங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்காதீர்கள், ஜூலை வெயில் சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்காது.