450 சதுர அடிக்குள்: வாசகர் கேள்வி – பதில்

சென்னையில் ஒரு பெட்ரூம், ஒரு ஹால், ஒரு கிச்சன் என்று குடியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீடு 420 சதுர அடி. நான்கு பேர் இருக்கிறோம். ஸ்டோரேஜ் கட்டில், இரண்டு பீரோ, மூன்று பேர் உட்காரும் சோபா எல்லாம் இருக்கிறது. அப்படியும் பாதிச் சாமான் ஹாலில்தான் கிடக்கிறது. இன்னொரு கப்போர்டு வாங்கலாமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: வாங்காதீர்கள். முதலில் ஓர் இன்ச் டேப்பை எடுத்து, வாசலிலிருந்து கிச்சனுக்கும், படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கும் போகிற வழியை அளந்து பாருங்கள். எந்த இடத்திலும் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. இரண்டு அடிக்கும் கீழே போய்விட்டால் ஒருவர் வரும்போது இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டும்; சூடான குழம்புப் பாத்திரத்தோடு வருபவர் எதிலாவது முட்டிக்கொள்வார். வீடு நெருக்கமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உங்கள் ஹால் 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். சோபாவின் ஆழம் மட்டும் கிட்டத்தட்ட 3 அடி. எதிரே டிவி ஸ்டாண்ட் ஒன்றரை அடி. நடுவில் 2 அடி டீப்பாய். மிச்சத்தில் உட்கார்ந்தவர் கால் நீட்ட வேண்டும், மற்றவர்கள் நடக்கவும் வேண்டும். டீப்பாயை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், டிவியைச் சுவரில் ஏற்றுங்கள். சோபாவை மாற்றும் காலம் வரும்போது 6 அடிக்கு இரண்டரை அடி திவான் வாங்குங்கள். பகலில் மூன்று பேர் உட்காரலாம், ராத்திரி ஒருவர் படுக்கலாம்.

ஸ்டோரேஜ் கட்டிலில் தப்பு நடப்பது வழக்கம். மெத்தையைத் தூக்கினால்தான் திறக்கும் பெட்டியில் வாரத்துக்கு ஒரு முறை வேண்டியதைப் போட்டால், அது ஒரு மாதத்தில் வெளியே வந்து நாற்காலி மேல் குடியேறிவிடும். அதில் விருந்தாளிக்கான தலையணை, கம்பளி, சீர்வரிசைப் பாத்திரம் மட்டும் இருக்கட்டும். தினமும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். பீரோவின் அந்தத் தட்டுகளில் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டும் பட்டுப்புடவையை அடுக்கிவிட்டு, ஆபீஸ் துணியைக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வருஷச் சாமானுக்குப் பரண் இருக்கிறது. கொலு பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று வர்ணம் உரிந்துவிடும். அட்டைப்பெட்டி எதுவும் பரணில் வேண்டாம். கரப்பானுக்கு ஒளிய இடமும் தின்னப் பசையும் அதிலேயே கிடைக்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, உள்ளே இருப்பதைத் தாளில் எழுதி, கீழே நின்று படிக்கிற பக்கமாக ஒட்டுங்கள்.

இன்னொன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: இரண்டு பீரோவில் ஒன்றாவது ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கிறதா? கட்டிலைத் திருப்பிப் போட வேண்டியிருந்தாலும் சரி, அதை நகர்த்திவிடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் ஜன்னலை அடைத்துக் கிடைக்கிற இடம் நஷ்டக் கணக்குதான்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சுவரில் மடக்கு மேஜை மாட்டினோம். இரண்டே மாதத்தில், ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவருக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பிளக்கோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. மறுபடி மாட்டினால் நிற்குமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நிற்கும். என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு மாட்டுங்கள். சுவரின் பூச்சு அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை இருக்கும். மேஜையைத் தாங்கும் பிராக்கெட்டோடு இலவசமாக வரும் குட்டை பிளக்கில் பாதி அந்தப் பூச்சிலேயே நின்றுவிடும், செங்கல்லைப் பிடிக்காது. மேஜையின் முன்விளிம்பில் கை ஊன்றும்போது எடை கீழ்நோக்கி மட்டும் போவதில்லை. மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கிறது. பிராக்கெட்டின் சுவர்ப்பக்கக் கால் 6 அங்குலம், எடை விழும் இடம் சுவரிலிருந்து 18 அங்குலம் என்றால், 10 கிலோ எடை மேல் ஸ்க்ரூக்களை மொத்தமாக 30 கிலோ விசையோடு இழுக்கும். அதனால் சுவர்ப்பக்கக் கால் நீளமாக உள்ள பிராக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

தேவையானவை: 8 மில்லிமீட்டர் டிரில் பிட், 50 மில்லிமீட்டர் நைலான் பிளக், 5 மில்லிமீட்டர் தடிமனும் 60 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஸ்க்ரூ. துளை 65 மில்லிமீட்டர் ஆழம் போகட்டும். பிட்டில் அந்த அளவுக்கு டேப் சுற்றிக்கொண்டால் கணக்கு தவறாது. துளையிடும்போது கொட்டுகிற தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், கவலையில்லை. முதலில் பூச்சின் சாம்பல் தூள் வந்து, பிறகும் சாம்பலாகவே வந்தால் இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள கலவையிலோ, கான்கிரீட்டிலோ, ஹாலோ பிளாக்கிலோ இறங்கியிருக்கிறீர்கள். கலவையாக இருந்தால் ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். திடீரென்று பிட் உள்ளே பாய்ந்தால் ஹாலோ பிளாக்கின் வெற்றிடம். அங்கே சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். வெள்ளைத் தூள் கொட்டி, பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் புது அடுக்குமாடிகளில் போடும், எடை குறைந்த ஏஏசி பிளாக். அதற்கென்று தனி பிளக் கடையில் உண்டு, டிரில்லில் ஹேமரை நிறுத்திவிட்டுத் துளையிட வேண்டும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கை அடித்தால் பிடிப்பு பாதிதான்.

சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடவே கூடாது. வயர் போகும் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் இருக்கும்.

பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், 3 அடிக்கு ஒன்றரை அடி போதும். பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் விளிம்பு ஊதிவிடும். தரையிலிருந்து மேஜையின் மேல்மட்டம் 29 முதல் 30 அங்குலம். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிரில்லை எடுங்கள்.

கேள்வி: கேஸ் சிலிண்டர் பார்க்க நன்றாக இல்லை. மேடைக்குக் கீழே கதவு போட்டு மூடலாமா?
– வாசகி, கொளத்தூர்

பதில்: முழுவதும் மூடக் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். கதவு வேண்டுமென்றால் அதன் அடிப்பாகத்தில் காற்று தாராளமாகப் போய்வர ஜாலி இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், டியூபிலேயே வருஷம் அச்சிட்டிருக்கும். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்கு அழையுங்கள்.

கேள்வி: மூன்றாவது மாடி, மேலே மொட்டைமாடி. மே மாதம் ராத்திரி 11 மணிக்கும் ஃபேன் அனலைத்தான் கொட்டுகிறது. ஏசி போட வசதியில்லை. ஏர்கூலர் வாங்கினால் போதுமா?
– வாசகர், வடபழனி

பதில்: ஏர்கூலருக்குப் பணம் போடாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிர்வதுதான் அதன் வேலை. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் சரியாக ஆவியாகாது. ஜன்னலைச் சாத்தி ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் உடம்பு பிசுபிசுக்கும், தலையணையும் ஈரமாகும். கடலிலிருந்து தள்ளி, வறண்ட காற்றுள்ள ஊரில் அது நன்றாக வேலை செய்யும்.

உங்கள் தொல்லை கூரை. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், சூரியன் மறைந்த பிறகு அந்தச் சூட்டை வீட்டுக்குள் விடுகிறது. அங்கே தங்கியிருக்கும் சூடான காற்றைத்தான் ஃபேன் கீழே தள்ளுகிறது. மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதுதான் செலவுக்கு ஏற்ற வழி. பிப்ரவரி, மார்ச்சில் அடித்துவிட வேண்டும். அக்னி நட்சத்திரம் பிறந்த பிறகு ஆள் தேடினால் பாதி வெயில்காலம் போய்விடும். பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு கோட் அடியுங்கள். பாசி மேலேயே அடித்தால் முதல் மழையில் தோலாக உரியும். வருஷம் ஒரு தடவை கழுவாவிட்டால் தூசி படிந்து வெள்ளை மங்கி, பலனும் குறையும். மாடி பொதுவானது என்பதால் அசோசியேஷனில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகு தடுக்கிறீர்கள். மூங்கில் தட்டியை வெளியே தொங்கவிடுங்கள். கடற்காற்று பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். அது வந்ததும் அந்தப் பக்க ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளியே பார்த்து ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் சூடான காற்றை அது வெளியே இழுத்துத் தள்ளும், கடற்காற்று தானாக உள்ளே வரும். ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்வதைவிட இதில் அறை சீக்கிரம் ஆறும்.

சீலிங் ஃபேன் மாற்றுவதாக இருந்தால் பிஎல்டிசி வகை வாங்குங்கள். பழையது 75 வாட் என்றால் இது 30 வாட் அளவில் ஓடும். தினம் 12 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கே சுமார் 32 யூனிட் குறையும். இறக்கை கூரையிலிருந்து ஓர் அடியாவது கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று சரியாக இறங்காது.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் துணி காய்வதில்லை. பெட்ரூமில் கொடி கட்டினோம். இப்போது துணியிலும் வாடை, பீரோவுக்குப் பின்னால் சுவரிலும் பூஞ்சணம்.
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை. 6 கிலோ துணியை மெஷின் பிழிந்த பிறகும் அதில் 3 லிட்டர் வரை தண்ணீர் தங்கியிருக்கும். அது அத்தனையும் அறைக் காற்றில் கலந்து, காற்றோட்டமில்லாத சுவரில் படிகிறது. மழைக்காலத்தில் வாரக் கடைசிக்குச் சேர்க்காமல், பாதி மெஷின் அளவாக ஒருநாள் விட்டு ஒருநாள் துவையுங்கள். ஸ்பின்னை மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். ஹாலிலோ பால்கனியிலோ கூரையில் புல்லி வைத்த கொடி மாட்டினால் தலைக்கு மேலே போய்விடும். துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி, மேலே ஃபேன், ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேன் போட்டால் ஈரம் அறையிலேயேதான் சுற்றும். ஜீன்ஸைப் பாக்கெட் வெளியே தெரியும்படி புரட்டிப் போடுங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து 3 அங்குலம் முன்னே இழுங்கள். பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிடுங்கள். அந்த நேரத்தில் ஆசிட் எதையும் அதோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். துடைத்த பிறகும் அதே இடத்தில் திரும்ப வந்தால் வெளிச்சுவரில் வெடிப்போ, பாத்ரூம் குழாயில் கசிவோ இருக்கிறது. அதை அடைக்காமல் பெயின்ட் அடிப்பது வீண்.

கேள்வி: 26 கிலோ அரிசி மூட்டை வாங்கினால் வைக்க இடமில்லை, வண்டும் வருகிறது.
– வாசகி, சைதாப்பேட்டை

பதில்: 25 கிலோ வரையுள்ள பைகளுக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததால்தான் மூட்டை 26 கிலோ ஆனது. கிலோவுக்கு மிச்சமாகும் சில்லறைக்காக, கிச்சனில் இரண்டு சதுர அடியை மாதக்கணக்கில் மூட்டைக்குக் கொடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டோடு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். வண்டின் முட்டை அரிசிக்குள்ளேயே வரும். பழையது தீராமல் புதிதை அதன்மேல் கொட்டினால் வண்டு தொடர்ந்து பெருகும். டிரம்மைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகே நிரப்புங்கள்.

கேள்வி: தரைத்தளத்தில் இருக்கிறோம். மழை என்றாலே பயம். இருக்கிற இடத்தை எப்படிப் பிரிப்பது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் பகுதி பட்டது ஊருக்கே தெரியும். தரையிலிருந்து 3 அடி வரை, நனைந்தாலும் கழுவி வைக்கக்கூடிய சாமான் மட்டும் இருக்கட்டும்: எவர்சில்வர், பிளாஸ்டிக், இரும்பு. பிளைவுட் பெட்டி வைத்த கட்டில் உங்களுக்கு ஆகாது. இரும்புக் கால் கட்டில் போடுங்கள். பத்திரம், சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் ஜிப் கவரில் போட்டுப் பரணில். மிக்ஸி, கிரைண்டர் மேடை மேல். தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்னால் பாத்ரூம் தரைத் துளை வழியாகச் சாக்கடை எதிர்த்து வரும். மழை எச்சரிக்கை வந்ததும் அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் பையில் மண் நிரப்பி அழுத்தி வையுங்கள். தண்ணீர் படியேறும்போதே மெயினை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து மாமியார் எங்களோடு இருக்க வருகிறார். முழங்கால் வலி. ஹாலில்தான் படுக்கவைக்க முடியும். பாய் போதுமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: பாய் வேண்டாம் அம்மா. தரையிலிருந்து எழுவதுதான் முழங்காலுக்குப் பெரிய வேதனை. நாடா கட்டிலும் சரிவராது, நடுவில் குழிந்து எழவிடாது. பலகை வைத்த திவானோ மடக்குக் கட்டிலோ 6 அடிக்கு இரண்டரை அடியில் வாங்குங்கள். மெத்தையோடு சேர்த்து உயரம் 18 அங்குலம் இருக்கட்டும். உட்கார்ந்தால் அவருடைய பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கடையில் கட்டிலை மட்டும் அளந்துவிட்டு, 4 அங்குல மெத்தையை மறந்துவிடுகிறோம். அவரே கடைக்கு வந்து உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது.

கட்டிலை பாத்ரூமுக்குப் பக்கமாகப் போடுங்கள். வழியில் கால்மிதி, வயர், செருப்பு எதுவும் கிடக்கக் கூடாது. ராத்திரிக்கு ஒரு சிறிய எல்இடி விளக்கு எரியட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி போட வேண்டும். அதை டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லைப் பிடிக்கும்படி நீள ஸ்க்ரூவால் மாட்டச் சொல்லுங்கள். வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்ளும் சக்ஷன் கைப்பிடியை நம்பாதீர்கள், ஈரத்தில் கழன்றுவிடும். பீரோவில் இடுப்பு உயரத்தில் ஒரு தட்டை முழுக்கக் காலி செய்து அவருக்குக் கொடுங்கள். புடவை, மாத்திரை, ஜபமாலை எதற்கும் அவர் குனிய வேண்டாம், யாரையும் எடுத்துத் தரச் சொல்லிக் காத்திருக்கவும் வேண்டாம்.