சேஸிஸ் ஹெரால்டு, சட்டை எம்.ஜி.

கேள்வி: வயது 58. ரிட்டயர் ஆவதற்குள் இரண்டு பேர் உட்காரும் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்துக்கொள்ள ஆசை. அசல் வண்டி என் வசதிக்கு எட்டாது. பாலவாக்கத்தில் ஒருவர், எம்.ஜி. டி.டி. மாதிரியே செய்த ரெப்ளிகா வைத்திருக்கிறார். சிவப்பு ஃபைபர் பாடி, அடியில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. விலை ஏழரை லட்சம். ஆர்.சி.யில் ‘ஹெரால்டு, சலூன், சாம்பல் நிறம்’ என்றே இருக்கிறது. கேட்டால் “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்” என்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: அந்த ‘ஒண்ணும் ஆகாது சார்’தான் எனக்கு 28 வருடம் சோறு போட்டது. இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லி விற்ற வண்டிகளை, ஆனபிறகு போய்ப் பார்ப்பதுதான் வேலை.

முதலில் வண்டியைச் செய்தவருக்கு ஒரு சபாஷ். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் நம் ஊரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் வண்டலூர் பக்கம் தயாரானது. 948 சிசி. சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் பாடி மொத்தமாகக் கையோடு வந்துவிடும். அதனால்தான் இங்கிலாந்திலும் எம்.ஜி. மாதிரி கட்டுகிறவர்கள் இதே சேஸிஸைத் தேடிப் பிடித்தார்கள். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் வந்த அசல் டி.டி.யின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 94 அங்குலம், ஹெரால்டுக்கு 91½. நடுவில் இருக்கும் இரண்டரை அங்குலத்தை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அப்படியே விட்டிருந்தால் வண்டி கொஞ்சம் குட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். வெட்டி ஒட்டி நீட்டியிருந்தால் அந்த வெல்டிங்கைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வண்டியை ராம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள். “இப்பத்தான் சார் அண்டர்கோட்டிங் அடிச்சோம்” என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பாலவாக்கத்து உப்புக்காற்று யாரையும் விடாது. ஃபைபருக்குத் துரு பிடிக்காது, மேலே எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும். அந்தப் பளபளப்பால்தான் அடியில் இருக்கும் இரும்பை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சேஸிஸின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அப்புறம் ட்ரனியன், முன்சக்கரம் திரும்பும்போது அதைக் கீழே தாங்கும் உலோகத் துண்டு. அதற்கு கிரீஸ் போடக்கூடாது, கியர் ஆயில் விட வேண்டும். இது தெரியாத கையில் பத்து வருடம் இருந்த வண்டியில் அந்தத் துண்டு தேய்ந்து உடைந்தால், சக்கரம் பக்கவாட்டில் மடங்கிப் படுத்துவிடும். விற்பவரிடம் “இதுக்கு என்ன போடறீங்க?” என்று வெள்ளந்தியாகக் கேளுங்கள். பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

டி.டி.யின் கதவுக்குக் கீல் பின்பக்கம். ஓடும்போது தாழ் கழன்றுவிட்டால் காற்றே கதவை விரித்துவிடும். ஒரு மூலையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். இடித்தால் அடியில் சட்டம் நெளிகிறது என்று அர்த்தம். பாடியை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமானால் உள்ளே ஃபைபர் அடுக்கு பிரிந்திருக்கிறது, அல்லது பட்டி பார்த்திருக்கிறார்கள்.

லைட்டைப் பற்றி என் சொந்தக் கதை. நானும் ஒரு காலத்தில் ஃபைபர் வண்டி ஒன்று வைத்திருந்தேன். மாமல்லபுரத்திலிருந்து ராத்திரி திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்கும், பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் அணையும். மூன்று மெக்கானிக் பார்த்தார்கள், இரண்டு பேட்டரி மாற்றினேன். கடைசியில் புதுப்பேட்டையில் ஒரு பையன் ஒரு முழம் ஒயரை லைட்டிலிருந்து சேஸிஸுக்கு இழுத்துக் கட்டிவிட்டு இருபது ரூபாய் கேட்டான். தகர பாடியில் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, தானாகக் கிடைக்கும். ஃபைபரில் கரண்ட் ஓடாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் வேண்டும். எல்லா லைட்டையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்.

இனி ஆர்.சி. நிறம் மாறியது சின்ன விஷயம், பதிந்துகொள்ளலாம். கூரை மூடிய சலூன், திறந்த இரண்டு சீட்டர் ஆனது அப்படியில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் சொல்லிவிட்டது. மாட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: கடைசியாக ஆர்.சி. புதுப்பித்தபோது ஆர்.டி.ஓ. ஆபீஸில் எந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்? எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. காகிதத்தில் ஒரு வண்டி, ரோட்டில் ஒரு வண்டி என்றால் இன்சூரன்ஸ் கிளெய்ம் முதல் பக்கத்திலேயே நிற்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள்.

விலை? ஓடுகிற நிலையில் ஒரு ஹெரால்டு என்ன விலை என்று விசாரியுங்கள். பாடி கட்டிய கூலியைச் சேருங்கள். எம்.ஜி. சின்னத்துக்கு ஒரு பைசா சேர்க்காதீர்கள். மாற்றத்தை ஆர்.டி.ஓ.வில் பதிந்து, புதிய ஆர்.சி.யை அவரே கையில் கொடுத்தால், சேஸிஸும் சுத்தமாக இருந்தால், நான் ஐந்து லட்சம் வரை பேசுவேன். ஆர்.சி. இப்படியே இருக்கும் என்றால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: அப்பா வைத்திருந்த 1966 ஹெரால்டு ஷெட்டில் நிற்கிறது. பாடியை ஸ்போர்ட்ஸ் மாடலாக்கி, விண்டேஜ் ‘வி.ஏ.’ நம்பரும் வாங்க முடியுமா?
- ஒரு வாசகி, கோடம்பாக்கம்

பதில்: இரண்டில் ஒன்றுதானம்மா. ‘வி.ஏ.’ என்பது பழைய வண்டிகளுக்கான தனி நம்பர் வரிசை; அதற்கு 2021 விதிப்படி வண்டி 50 வயது தாண்டியிருக்க வேண்டும், அதோடு சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் அசலாகவும் இருக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்ட அனுமதி கிடையாது. பாடியை மாற்றிவிட்டால் அந்த வாசல் மூடிக்கொள்ளும். நானாக இருந்தால் அப்பாவின் வண்டியை அப்படியே விடுவேன். ஹெரால்டு பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் இல்லையா, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் திறந்து வையுங்கள், தெருவே வந்து எட்டிப் பார்க்கும்.