மேல் டீம் பையன் கீழ் டீமில் இறங்கினால்

தம்பி, மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா வந்து ஒரு வருடம் ஆகிறது. ஒன்பது வயதுப் பையன் ஒரு சாக்கர் (கால்பந்து) கிளப்பின் மூன்றாவது டீமில் ஆடுகிறான். போன வார இறுதியில் நடந்த டோர்னமென்டில் அதே கிளப்பின் முதல் டீம் பையன்கள் இரண்டு பேர் ‘கெஸ்ட் பிளேயர்’ என்று வந்து இறங்கினார்கள். டீம் ஜெயித்தது, மெடலும் கிடைத்தது. ஆனால் உங்கள் பையன் அரையிறுதியில் மொத்தமே ஆறு நிமிடம்தான் ஆடினான். இது விதிப்படி சரியா, நியாயமா, கோச்சிடம் கேட்டால் பையனுக்குப் பாதகமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விதிப்படி அநேகமாகச் சரிதான். நியாயமா என்பது, வந்தவர்கள் யாருடைய நிமிடங்களை எடுத்துக்கொண்டார்கள், எதற்காகக் கூப்பிடப்பட்டார்கள் என்பதைப் பொறுத்தது. கோச்சிடம் தாராளமாகக் கேட்கலாம். எப்போது கேட்கிறீர்கள், எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் இங்குள்ள அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். யுஎஸ் சாக்கர் என்ற தேசியச் சம்மேளனத்தின் கீழே யுஎஸ் யூத் சாக்கர், யுஎஸ் கிளப் சாக்கர், ஏஒய்எஸ்ஓ (அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன்) என்று தனித்தனி அமைப்புகள் உண்டு. 1964இல் கலிஃபோர்னியாவின் டொரன்ஸ் நகரில் தொடங்கிய ஏஒய்எஸ்ஓவின் அடிப்படைக் கொள்கைகளில் இரண்டு: எல்லாக் குழந்தையும் ஆட வேண்டும், டீம்கள் சம பலத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டம் கட்டாயம். சீசனுக்கு முன்பே பிள்ளைகளின் திறமையை மதிப்பிட்டு, நன்றாக ஆடுகிறவர்களை எல்லா டீமுக்கும் பகிர்ந்துவிடுவார்கள். அங்கே கெட்டிக்காரப் பையன் சுமாரான பிள்ளைகளோடு ஆடுவது ஒரு குறையே இல்லை. ஏற்பாடே அதுதான்.

போட்டிக் கிளப்புகள் இதற்கு நேர் எதிர். ட்ரைஅவுட் என்ற தேர்வு ஆட்டம் வைத்து, தரம் பார்த்து, முதல் டீம், இரண்டாம் டீம் என்று பிரிக்கிறார்கள். லீக்கும் கோல்டு, சில்வர், ப்ரான்ஸ் (வெண்கலம்) என்று அடுக்கடுக்காக இருக்கும். ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் டாலர், சில இடங்களில் அதற்கும் மேலே கட்டுகிறீர்கள். அந்தக் காசுக்குக் கிளப் தருகிற வாக்குறுதியே ‘உங்கள் பிள்ளையின் தரத்துக்கு ஏற்ற டீம், அதற்கேற்ற எதிராளி’ என்பதுதான். அப்படிப் பிரித்துவிட்டு, கோப்பை கண்ணில் பட்டதும் மேலிருந்து ஆளை இறக்குவது தான் கொடுத்த வாக்கைத் தானே மீறுவது. என் பார்வையில் கோளாறு இங்கேதான். ‘அந்தப் பையன் நன்றாக ஆடுகிறான், அது ஒரு தப்பா?’ என்று யாராவது உங்களிடம் கேட்டால், பையன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை கூப்பிட்ட இடத்தில் ஆடுகிறான். முடிவெடுத்தது பெரியவர்கள்.

ஊர்ப்பக்கம் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் நோட்டீஸ்களில் ‘ஒரே ஊர் ஆட்டக்காரர்கள் மட்டும்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பிரச்சினைக்காகவே போடுகிற வரி அது. இங்கேயும் அப்படிப்பட்ட வரிகள் உண்டு, ஆனால் இடத்துக்கு இடம் மாறும். வயதில் எல்லாரும் கறார்: சின்னப் பிள்ளை பெரிய வயதுப் பிரிவில் ஆடலாம், பெரிய பிள்ளை சின்ன வயதுப் பிரிவில் ஆடக் கூடாது. தரத்தில் அவ்வளவு கறார் இல்லை. யுஎஸ் கிளப் சாக்கரில் ‘கிளப் பாஸ்’ முறை இருக்கிறது. பிளேயரின் அட்டை டீமுக்கு அல்ல, கிளப்புக்கு உரியது. எனவே வயது ஒத்துவந்தால் அதே கிளப்பின் எந்த டீமிலும் அவனை இறக்கலாம். அதற்குமேல் ஓர் ஆட்டத்துக்கு இத்தனை பேர்தான், மேல் டீமிலிருந்து கீழே வரக் கூடாது என்றெல்லாம் வரம்பு போடுவது அந்தந்த லீக்கின் வேலை. டோர்னமென்ட்களுக்குத் தனி விதி: மூன்று அல்லது நான்கு கெஸ்ட் பிளேயர்கள் வரை என்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. பெரும்பாலும் டீம் முழுவதும் ஒரே அமைப்பின் அட்டை வைத்திருக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட மருத்துவ ஒப்புதலும் வேண்டும். அட்டையில்லாத பையனை ‘ஒரே ஒரு மேட்ச்தானே’ என்று இறக்கினால் அந்த ஆட்டம் தோற்றதாக அறிவிக்கப்படலாம். அவன் கை காலை உடைத்துக்கொண்டால் இன்சூரன்ஸும் கை விரித்துவிடும். ஆக, டோர்னமென்டின் விதிப் பக்கத்தைத் திறந்து ‘கெஸ்ட் பிளேயர்’, ‘ரோஸ்டர்’ (டீமின் ஆட்டக்காரர் பட்டியல்) இரண்டு பகுதிகளையும் படித்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. உங்கள் முதல் கேள்விக்கு முழுப் பதில் அங்கே இருக்கும்.

நியாயத்துக்கு வருவோம். வாய்ப்பேச்சாகச் சொல்வதைவிடக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அண்டர்-10இல், அதாவது உங்கள் பையனின் வயதுப் பிரிவில், ஒரு பக்கம் ஏழு பேர், 25 நிமிடம் வீதம் இரண்டு பாதி. கோல்கீப்பரைக் கழித்தால் ஆறு இடம், 50 நிமிடம்: மொத்தம் 300 நிமிடங்கள். டீமில் கோலி (கோல்கீப்பர்) போக பத்துப் பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 30 நிமிடம். இரண்டு கெஸ்ட் பையன்கள் முழு ஆட்டமும் ஆடினால் 100 நிமிடம் போய்விடுகிறது. மிச்சம் 200, ஆளுக்கு 20. ஒரு வார இறுதியில் நான்கு ஆட்டம் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 40 நிமிடம் நஷ்டம். இதுவும் கோச் சமமாகப் பங்கு போட்டால்தான். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. டீமின் நல்ல பிள்ளைகள் நான்கைந்து பேர் வழக்கம்போல 30 நிமிடம் ஆடுவார்கள், வெட்டு முழுவதும் கடைசி ஐந்து பேர் தலையில் விழும். உங்கள் பையனின் ஆறு நிமிடம் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அந்த ஐந்து பேருக்குத்தான் ஆட்ட நேரம் அதிகம் தேவை என்பதுதான் இதில் வருத்தமான விஷயம்.

நிமிடக் கணக்கில் தெரியாத இன்னொரு சேதமும் உண்டு. அடுத்த முறை மைதான ஓரத்தில் நின்று கோல் கிக்கை, அதாவது கோல் முன்னாலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவதை, மட்டும் கவனியுங்கள். ஏழு பேர் ஆட்டத்தில் ‘பில்ட் அவுட் லைன்’ என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோல் கிக்கின்போதும் கோலி கையில் பந்து இருக்கும்போதும் எதிர் டீம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். பிள்ளைகள் நெருக்கடி இல்லாமல் பின்னாலிருந்து பந்தைக் கடத்திப் பழகட்டும் என்பதற்காகவே இது. சாதாரண நாளில் கோலி பக்கத்து டிஃபெண்டருக்குப் பந்தை உருட்டுவான். அவன் பாதி திரும்பிய நிலையில் வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, ஓரத்தில் ஓடுகிறவனுக்குத் தட்டுவான். பாதி தடவை பந்து பறிபோகும். ஆனால் கற்றுக்கொள்வது அதில்தான். பலமான பையன் வந்திருக்கும் நாளில் கோலி வேறு யாரையும் பார்ப்பதில்லை. பந்து நேராக அவனிடம் போகிறது, அவன் நான்கு பேரை வெட்டிக்கொண்டு போய் அடிக்கிறான். இரண்டாம் பாதிக்குள் மற்றப் பிள்ளைகள் பந்து கேட்டுக் கையைத் தூக்குவதையே நிறுத்திவிடுவார்கள். கோல் விழுந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார்கள், அவ்வளவுதான் அவர்கள் பங்கு.

எதிர் டீம் பெற்றோர் பக்கமிருந்தும் பாருங்கள். அவர்கள் ப்ரான்ஸ் பிரிவுக்குப் பணம் கட்டி, இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து, கோல்டு பையனிடம் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சில கிளப்புகள் முழு டீமையுமே தரத்துக்குக் கீழான பிரிவில் பதிந்துவிடுவதும் உண்டு. இதைத் தடுக்கத்தான் டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் பதிவின்போது லீக் முடிவுகளையும் கடந்த டோர்னமென்ட் ஸ்கோர்களையும் பார்த்துப் பிரிவு ஒதுக்குகிறார்கள். கெஸ்ட் பிளேயர் அந்தச் சல்லடையில் சிக்குவதில்லை. டீமின் பழைய ஸ்கோர்கள் அவன் இல்லாமல் எடுத்தவை அல்லவா?

ஆனால் மேலிருந்து வருகிற எல்லாரையும் ஒரே கண்ணால் பார்த்துவிடாதீர்கள். உங்கள் டீமில் நான்கு பேர் ஊரில் இல்லை, ஏழு பேர்தான் மிச்சம், வெயில் கொளுத்துகிறது. அந்த நாளில் இரண்டு பேர் வந்தால் அது உதவி, மற்றப் பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். கோலிக்குக் காய்ச்சல் என்றால் மேல் டீம் கோலி வரத்தான் வேண்டும். காயத்திலிருந்து மீளும் பையனைக் கொஞ்ச நேரம் இலகுவான ஆட்டத்தில் இறக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். மேல் டீமில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் ஆட்டம் வேண்டும். ஸ்ட்ரைக்கரை டிஃபென்ஸில் ஆடவைத்துப் பழக்குவதும் உண்டு. இந்தக் கோச் நேர்மையாகச் செய்கிறாரா என்று கண்டுபிடிக்க மூன்றே அடையாளம் போதும்: டீமில் ஆள் குறைந்த நாளில் மட்டும் கூப்பிடுகிறாரா, வந்தவனையும் மற்றவர்களைப் போலவே மாற்றி மாற்றி உட்காரவைக்கிறாரா, வழக்கமான இடத்தைவிட்டு வேறு இடத்தில் ஆடவைக்கிறாரா. அரையிறுதிக்கும் இறுதிக்கும் மட்டும் வந்து, முழு நேரமும் முன்வரிசையில் ஆடினால் அது கோப்பைக்காகச் செய்தது.

எதிர் டீமில் ஒருவன் தலை உயரம் அதிகமாக இருந்தால் உடனே வயது மோசடி என்று சந்தேகிக்க வேண்டாம். 2017 முதல் இங்கே பிறந்த ஆண்டுதான் கணக்கு, ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2026-27 சீசனிலிருந்து பெரும்பாலான அமைப்புகள் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாற்றுகின்றன. எந்தக் கணக்கிலும் ஒரே பிரிவுக்குள் கிட்டத்தட்ட ஒரு வருடம் வரை வித்தியாசம் இருக்கலாம். ஒன்பது வயதில் அது பெரிய வித்தியாசம். இந்த மாற்றத்தால் அடுத்த ட்ரைஅவுட்டில் டீம்கள் கலைந்து சேரும். உங்கள் பையன் எந்தப் பக்கம் விழுகிறான் என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

உண்மையிலேயே தகுதியில்லாத ஆள் இறங்குகிறான் என்று தெரிந்தால், ஆட்டத்துக்கு முன் அட்டை சரிபார்க்கும்போதே உங்கள் கோச்சோ மேனேஜரோ சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்தபின் புகார் என்றால் எழுத்தில், கட்டணத்தோடு, குறுகிய நேரத்துக்குள் கொடுக்கச் சொல்வார்கள். பெற்றோர் நேரடியாகக் கொடுக்க முடியாது. ரெஃப்ரியிடம் கத்துவதால் எதுவும் நடக்காது, உங்களை வெளியேற்றுவதைத் தவிர.

சொந்தக் கோச்சிடம் பேசும் முறை வேறு. பல கிளப்புகளில் ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் பேச வேண்டும் என்று எழுதப்பட்ட விதியே இருக்கும். இல்லாவிட்டாலும் அதைக் கடைப்பிடியுங்கள். வாட்ஸப் குழுவில் போடவே போடாதீர்கள், வந்த பையன்களின் அப்பா அம்மாவும் அதில் இருக்கலாம். நம்மூர் வழக்கப்படி ‘சார் மனசு கோணக் கூடாது’ என்று மாதக்கணக்கில் அடக்கிவைத்துக் கடைசியில் வெடிக்கவும் வேண்டாம். இங்கே கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சுற்றி வளைப்பதுதான் அவர்களுக்குப் புரியாது. தனி மெயிலில் நான்கு வரி எழுதுங்கள். கெஸ்ட் பிளேயரைக் கூப்பிடுவதற்கு உங்கள் கொள்கை என்ன? இனி முன்கூட்டியே சொல்வீர்களா? டோர்னமென்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தபட்ச ஆட்ட நேரம் எவ்வளவு? என் பையன் அதிக நேரம் ஆட எதில் முன்னேற வேண்டும்? மற்றப் பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள், ‘அவன் ஏன் ஆடினான்’ என்று கேட்காதீர்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் கிளப்பின் டைரக்டர் ஆஃப் கோச்சிங்கிடம் (கோச்சுகளுக்கு மேலே இருப்பவர்) அதே மெயிலை அனுப்பலாம். நேர் வழியில் கேட்டதற்காகப் பிள்ளையை ஒதுக்குகிற கோச் என்றால், அது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். அடுத்த ட்ரைஅவுட்டில் வேறு கிளப் பாருங்கள்.

பையனிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ‘அவங்க வந்ததால நீ ஆட முடியல’ என்று காரில் ஆரம்பிக்காதீர்கள். ஆறு நிமிடத்தில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். ஆட்ட நேரம் குறைந்த வாரத்தில் பூங்காவில் இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து ஆடவிடுங்கள், பந்தைத் தொடும் எண்ணிக்கை அதில் ஈடாகிவிடும்.

ஒருநாள் உங்கள் பையனையே வேறு டீமுக்குக் கெஸ்டாகக் கூப்பிடுவார்கள். வயதில் மேல் டீம் என்றால் பெரும்பாலும் நல்லது. கீழ் டீம் என்றால் அவர்களிடம் அன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் ‘இந்த முறை வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். காலையில் தன் டீம், மதியம் இன்னொரு டீம் என்று ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆட ஒப்புக்கொள்ளாதீர்கள். எட்டு முதல் பதினான்கு வயது வரை குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும், ஓயாமல் ஓடினால் அங்கே வீங்கி வலிக்கும். காலையில் எழுந்ததும் நொண்டுகிறான், குதிகாலை இரு பக்கமும் பிடித்து அழுத்தினால் துடிக்கிறான் என்றால் அந்த வாரம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.