கோளம், கூம்பு, வாளி: கன அளவு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கோளத்தின் கன அளவுச் சூத்திரத்தில் (4/3 × பை × ஆரம்³) அந்த 4/3 எங்கிருந்து வருகிறது சார்? மனப்பாடம் செய்ததோடு சரி, காரணம் தெரியாது.

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். புரிந்துவிட்டால் சூத்திரம் மறக்கவே மறக்காது.

ஓர் அரைக்கோளத்தை, தட்டையான பக்கம் தரையில் படும்படி வையுங்கள். பக்கத்திலேயே ஓர் உருளை. அதன் ஆரமும் உயரமும் அரைக்கோளத்தின் ஆரத்துக்குச் சமம். அந்த உருளையிலிருந்து ஒரு கூம்பைக் குடைந்து எடுத்துவிடுங்கள். கூம்பின் வாய் மேலே, முனை கீழே நடுவில்.

ஆரம் 10 செ.மீ. என்று வைப்போம். தரையிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் இரண்டையும் கிடையாக வெட்டுங்கள். அரைக்கோளத்தின் வெட்டுமுகம் ஒரு வட்டம். பிதாகரஸ் தேற்றப்படி அதன் ஆரம் 8, பரப்பு 64 பை. உருளைப் பக்கம் வாருங்கள்: வெளிவட்டம் 100 பை, கூம்பு போன ஓட்டை 36 பை, மிச்சமிருக்கும் வளையம் அதே 64 பை! எந்த உயரத்தில் வெட்டினாலும் இப்படித்தான் வரும். எல்லா உயரத்திலும் வெட்டுமுகங்கள் சமம் என்றால் கன அளவும் சமம். இதுதான் கவாலியேரி கோட்பாடு.

கூம்பு என்பது உருளையில் மூன்றில் ஒரு பங்கு. அது போனால் மீதி மூன்றில் இரண்டு. ஆக, அரைக்கோளம் = 2/3 × பை × ஆரம்³. முழுக் கோளம் அதில் இரு மடங்கு, அதாவது 4/3.

ஆர்க்கிமிடீஸ் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தார். கோளத்தைச் சரியாக உள்ளடக்கும் உருளையில் கோளம் 2/3 பங்கு. மொத்தப் புறப்பரப்பிலும் அதே 2/3. கி.மு. 75-இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த சிசெரோ, புதர் மண்டிக் கிடந்த ஆர்க்கிமிடீஸின் கல்லறையை அடையாளம் கண்டது அதன் மேலிருந்த கோளம், உருளை உருவத்தை வைத்துத்தான். எனக்குக் கணிதத்தில் இதைவிட அழகான விடை தெரியாது.

கேள்வி: பந்தை வெட்டாமல் ஆரத்தை எப்படி அளப்பது?

பதில்: நடுவில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவை எடுங்கள். அதை 2 பையால் வகுத்தால் ஆரம். சுற்றளவு 44 செ.மீ. என்றால் ஆரம் ஏறத்தாழ 7 செ.மீ., கன அளவு சுமார் 1438 கன செ.மீ. ஆனால் நாடா நடுவிலிருந்து விலகக் கூடாது, தொய்யவும் கூடாது. 44-ஐ 45 என்று படித்தால் கன அளவு 1539 ஆகிவிடும். ஒரே ஒரு செ.மீ. பிசகு, நூறு கன செ.மீ. வித்தியாசம்! ஆரம் மும்முறை பெருக்கப்படுவதால் அளவில் 1 சதவீதம் தவறினால் விடையில் 3 சதவீதம் தவறும். ஆகவே மூன்று நான்கு திசைகளில் சுற்றி அளந்து சராசரி எடுங்கள்.

கேள்வி: கன அளவு 1 லிட்டர் என்று கொடுத்து ஆரம் கேட்கிறார்கள். என் கால்குலேட்டரில் கனமூலப் பொத்தான் இல்லை.

பதில்: வர்க்கமூலப் பொத்தான் இருக்கிறதல்லவா, அது போதும். 1 லிட்டர் என்பது 1000 கன செ.மீ. அதை 3-ஆல் பெருக்கி 4 பையால் வகுத்தால் 238.73. இதன் கனமூலம்தான் ஆரம். 6-இன் கனம் 216, எனவே 6-இல் தொடங்கலாம். 238.73-ஐ 6-ஆல் பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள்: 6.15. வந்த விடையால் மறுபடி 238.73-ஐப் பெருக்கி, மறுபடி இரண்டு முறை அழுத்துங்கள்: 6.19. அப்புறம் 6.20. ஒவ்வொரு சுற்றிலும் பிழை கிட்டத்தட்ட கால் பங்காகக் குறையும். ஆரம் 6.2 செ.மீ.

கேள்வி: 3, 4, 5 செ.மீ. ஆரமுள்ள மூன்று உலோகக் குண்டுகளை உருக்கி ஒரே குண்டாக்கினால் ஆரம் 12 வராதா?

பதில்: வராது, 6 தான் வரும். உருக்கும்போது மாறாமல் இருப்பது கன அளவு. எனவே கனங்களைக் கூட்ட வேண்டும்: 27 + 64 + 125 = 216. இதன் கனமூலம் 6. 4/3-உம் பையும் இரு பக்கமும் அடிபட்டுப் போவதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: கூம்புக்குச் சாயுயரம் 13, ஆரம் 5. கன அளவு?

பதில்: கன அளவுக்கு நேர் உயரம்தான் வேண்டும். 169-இல் 25 போனால் 144, உயரம் 12. விடை 100 பை, சுமார் 314. சாயுயரம் வளைபரப்புக்கு மட்டும்.

கேள்வி: வாளிக்கு மேல் ஆரத்தையும் கீழ் ஆரத்தையும் சராசரி எடுத்து உருளை போலக் கணக்கிடலாமா ஐயா?

பதில்: தோராயமாகப் போதும் என்றால் சரி. மேலே 15, கீழே 10, உயரம் 24 செ.மீ. என்று வைத்தால் சராசரி முறையில் 11.78 லிட்டர். இடைக்கண்டச் (முனை வெட்டப்பட்ட கூம்பின்) சூத்திரப்படி, இரு ஆரங்களின் வர்க்கங்களையும் அவற்றின் பெருக்கலையும் கூட்டினால் 475. அதை உயரத்தாலும் பையாலும் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 11.94 லிட்டர். வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் கீழ்ப்பக்கம் குறுகக் குறுகச் சராசரி முறை ஏமாற்றும். முனையில் முடியும் கூம்பில் கால் பங்கு குறைத்தே காட்டும்.

கேள்வி: ஒழுங்கான வடிவமே இல்லாத கல்லுக்கு என்ன சூத்திரம்?

பதில்: சூத்திரம் வேண்டாம். அளவுக்குறி உள்ள பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கல்லை முழுக்க அமிழ்த்துங்கள். மட்டம் எத்தனை மில்லிலிட்டர் ஏறியதோ அத்தனை கன செ.மீ. அகலமான பாத்திரத்தில் மட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, குறுகலானதாக எடுங்கள். கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தட்டிவிட்ட பிறகு அளவைப் படியுங்கள்.